காற்றில் வரைந்த மூக்கு

செல்லையா அண்ணன் போய்விட்ட செய்தி எனக்கு வாய்ச்சொல்லாக வரவில்லை. மில்லில் மெஷின்கள் ஓடும் இரைச்சலுக்கு நடுவே, எதிர் வரிசையில் நின்ற மேஸ்திரி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஒற்றை விரலால் காற்றில் பெரிய மூக்கு ஒன்றை வரைந்தார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்தார். மெஷினை விட்டு நகர முடியாது. அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டேதான் அழுதேன்.

இராஜபாளையத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த இரைச்சலில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால் ஆளுக்கொரு சைகை. மீசையை முறுக்கினால் மேஸ்திரி. கண்ணைச் சுற்றி வட்டம் போட்டால் கண்ணாடிக்காரனான நான். மூக்கைப் பொத்தினால் மேனேஜர். பஞ்சுத் தூசிக்குப் பயந்து அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே வருவார்.

எண்பதுகளில் ஓர் ஆயுத பூஜையின்போது, கோலம், பாட்டு ஆகியவற்றோடு கேலிச்சித்திரப் போட்டி என்று புதிதாக ஒன்றை அறிவித்தார்கள். மில்லில் யாரை வேண்டுமானாலும் வரையலாம். அண்ணன் கேண்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெஷினில் சாக்பீஸால் குறி போட்டதைத் தவிர வாழ்நாளில் எதையும் வரைந்தவரில்லை.

"ஏலே முருகேசா, கேலிச்சித்திரம்னா என்னலே?"

"பாத்ததும் இன்ன ஆளுன்னு தெரியணும்ணே. சிரிப்பும் வரணும்."

"அம்புட்டுதானா?"

நாக்கைக் கடித்துக்கொண்டு முதலில் மூக்கைப் போட்டார். பாதித் தாளை மூக்கே பிடித்துக்கொண்டது. அதைப் பொத்த ஒரு போர்வை அகலத்துக்குக் கைக்குட்டை. அதற்கு மேலே பயந்துபோன இரண்டு கண்கள். உடம்புக்கு இடமில்லாமல் கீழே ஷூக்களை மட்டும் ஒட்டவைத்தார். சிரித்துத் தீர்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

"கொடுக்காதீங்கண்ணே."

"ஏம்லே? அது அவிய பேருதானே. அவியளுக்குத் தெரியாமலா இருக்கும்?"

மேனேஜருக்குத் தெரியாது. படத்தைச் சுவரில் ஒட்டியதும் மொத்த மில்லும் மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் கேரியரைக் கொடுத்துக் கைகுலுக்கினார். அடுத்த வாரம் அண்ணனை ப்ளோ ரூமுக்கு மாற்றினார்கள். பஞ்சுப் பொதிகளைப் பிரித்து உடைக்கும் அந்த இடத்தில்தான் தூசி மிக அதிகம். ஆள் பற்றாக்குறை என்றார்கள். யூனியன் போய்க் கேட்டபோதும் அதே பதில்தான்.

அதற்குப் பிறகு காற்றில் வரையும் மூக்கு அண்ணனின் சைகையாயிற்று. அதைக் காட்டினால் அவரும் முதலில் சிரிப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்தப் பரிசு டிபன் கேரியரோடுதான் பஸ்ஸில் வருவார். போகப் போகப் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மூச்சு வாங்க நின்றுவிட்டுத்தான் நடந்தார். மேனேஜர் வேறு ஊருக்குப் போனார், அடுத்தவர் வந்தார். ப்ளோ ரூமிலிருந்து அண்ணனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அலுத்துப்போயிற்று.

கடைசியாக அவரை வீட்டில் பார்த்தேன். படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். "பேசாதீங்க, செத்த நேரம் சும்மா இருங்க" என்று மதினி கெஞ்சினார். அண்ணன் கைச் சைகையாலேயே மில்லில் ஒவ்வொருவரையும் விசாரித்தார். பழைய மேனேஜரை மட்டும் விசாரிக்கவில்லை. நான் கிளம்பும்போது வாயைத் திறந்தார்.

"சிரிக்கத்தானேலே போட்டேன்... அவியளும் சிரிச்சாகளே."

சரிந்த தலையணையை நிமிர்த்தி வைத்தேன். "நீயாவது மூக்கைப் பொத்திக்கோ" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்தச் சொல்தான். இப்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் மெஷின் முன்னால் நிற்கிறேன். ஷிப்ட் முடிந்து அவிழ்த்தால் துண்டின் உள்பக்கமும் பஞ்சுத் தூசியால் வெள்ளையாக இருக்கிறது.