அவிழ்த்துப் போட்ட பட்டன்கள்

என் தம்பி மனைவி தையல்காரி. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்து மேசையில் இஸ்திரி போடுவது நான். தம்பி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு கடையை ஓட்டுகிறோம். எங்களுக்கு நடுவில் கை வைத்த நாற்காலியில் அவள் மகள் உட்கார்ந்திருப்பாள். வயது பதினெட்டு. எங்களுக்கு இன்னும் வாண்டுதான்.

வாண்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே கையும் காலும் சொன்ன பேச்சுக் கேட்காது. புத்தியும் நிதானமாகத்தான் நடக்கும். வாய் மட்டும் எக்ஸ்பிரஸ். உன்னால் முடியுமா என்று யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் "முடியும்" என்பாள். அப்படிச் சொல்லப் பழக்கியவள் அவள் அம்மாதான். ஊரே முடியாது என்கிற பிள்ளை தன் வாயாலும் முடியாது என்று சொல்ல வேண்டாம் என்பது அவள் வைராக்கியம்.

கடையில் வாண்டுவுக்கு ஒரு வேலை உண்டு. நான் தேய்த்துத் தரும் சட்டைகளுக்குப் பட்டன் போட வேண்டும். "ஒண்ணு... ரெண்டு..." என்று முணுமுணுத்தபடி போடுவாள். ஒரு சட்டைக்கு முக்கால் மணி நேரம். முடித்தபிறகு பார்த்தால் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருப்பாள். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து முகம் கழுவப் போனதும் தையல்காரி எல்லாவற்றையும் அவிழ்த்து, சரியாகப் போட்டு, மடித்து வைத்துவிடுவாள். நான் குளியலறைக் கதவைப் பார்த்துக்கொள்வேன். ஒன்பது வருஷமாக இந்தத் திருட்டு.

வாண்டு திரும்பி வந்து மடித்த சட்டைகளைத் தட்டிப் பார்ப்பாள். தான் இல்லாவிட்டால் இந்தக் கடை என்ன ஆகும் என்று என்னிடம் கேட்பாள். இழுத்து மூட வேண்டியதுதான் என்பேன்.

பதினெட்டு முடிந்த வாரமே அரசாங்கக் கடிதம் வந்தது. பிள்ளைகளுக்கான உதவித்தொகை முடிந்தது; பெரியவர்களுக்கான மதிப்பீட்டில் தகுதி கிடைத்தால்தான் தொகையும், காலையில் வந்து குளிப்பாட்டிவிடும் பெண்ணும் தொடரும். பிறந்தநாளுக்கு மறுநாள் கையும் காலும் தானாகக் குணமாகிவிடும் என்று எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ! தையல்காரியின் முதுகு மெஷினிலேயே தேய்ந்துவிட்டது. மகளைத் தூக்கிக் குளிப்பாட்ட அவளால் ஆகாது. அந்தப் பெண் நின்றால் கடையும் நிற்கும், வீடும் நிற்கும்.

மதிப்பீட்டு அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் ஜாடி. அதிகாரி சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரி. வாண்டு இனிமேல் பெரியவள், கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லட்டும், நாங்கள் கடைசியில் பேசலாம் என்றாள். வாண்டுவை 'நீங்க' என்று கூப்பிட்டாள். அதுவரை யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

தனியாகக் குளிக்க முடியுமா? முடியும். அடுப்புப் பற்றவைக்க? முடியும். வெளியே போய்த் தனியாகத் திரும்பிவர? முடியும். ஒவ்வொரு பதிலுக்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு 'முடியும்' வரும்போதும் உதவித்தொகை எங்கள் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது.

வேலை ஏதாவது செய்கிறாளா என்று கேட்டதும் வாண்டுவின் முகம் மலர்ந்தது. "எங்க கடையில எல்லாச் சட்டைக்கும் நான்தான் பட்டன் போடுறேன். தினமும்."

அதிகாரியின் விரல்கள் வேகமெடுத்தன. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். மகளை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் பேசுகிறோம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் விடுவார்களாம். எங்கள் மரமண்டைக்கு அப்போது அது எட்டவில்லை.

தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ போடுற பட்டனையெல்லாம் நான் அவிழ்த்துட்டுத் திரும்பப் போடுறேங்க. ஒரு சட்டைகூட அவ போட்டபடி வெளிய போனதில்ல. அவளால எதுவும் முடியாதுங்க."

வாண்டு அழவில்லை. என்னைப் பார்த்து, "அப்படியா அத்தை?" என்றாள். வாயாடி என்று பேரெடுத்தவள் நான். மேசையிலிருந்த ஜாடியை எடுத்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்று வாரத்தில் எல்லாம் கிடைத்தது. தொகை வருகிறது, குளிப்பாட்டும் பெண்ணும் வருகிறாள். முடியுமா என்று யாராவது கேட்டால் வாண்டு இப்போது அம்மாவைப் பார்க்கிறாள். சட்டையைத் தொடுவதே இல்லை.

ஆனால் இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தத்துக்கு நடுவே "மூணு... நாலு..." என்று எனக்குக் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் வாண்டு வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள். சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. தையல்காரிக்கும் கேட்கிறது, சில நேரம் அதே நொடியில் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குகிறாள். அப்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. வாண்டு முகம் கழுவப் போனதும் அம்மாவின் கை சட்டைக் குவியலுக்குப் போகிறது. அங்கே அவிழ்க்க ஒன்றும் இருப்பதில்லை.

நேற்று தையல்காரி பெரிய பட்டன் வைத்த சட்டை ஒன்றை மகளின் மடியில் வைத்தாள். "நீ போடு கண்ணு. இனிமே நான் அவிழ்க்க மாட்டேன். சத்தியமா."

வாண்டு சட்டையைக் கையால் நீவிவிட்டாள். பிறகு அதை அம்மாவின் மடியிலேயே திருப்பி வைத்து, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"வேணாம்மா. நான் போட்டா உனக்கு ரெட்டை வேலை. முதுகு வலிக்கும்ல?"