சொல்லிக்கொடுத்தவர்

“எந்தத் தெருவுல பாத்தே?”

மதுரையில் நாங்கள் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில், சரித்திர டீச்சர் அப்படிக் கேட்ட கணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. யுத்த காலம். நான் அங்கே தமிழாசிரியர். என் மாணவன் பட்டிமன்ற மேடையேறி, “வறுமை என்னும் கொடிய அரக்கன் வீதிதோறும் உலவுகிறான்” என்று கையை உயர்த்தி முழங்கிக்கொண்டிருந்தான். பின்வரிசையிலிருந்து டீச்சர் கேட்டதும் திகைத்து என்னைப் பார்த்தான். “நான் பாக்கலை டீச்சர். ஐயா எழுதிக்குடுத்தாக” என்றான். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

அதன் பிறகு என்னிடமிருந்த பட்டிமன்றப் பொறுப்பைத் தலைமையாசிரியர் டீச்சரிடம் மாற்றினார். அவர் பேச்சு எதையும் எழுதித் தரமாட்டார். தலைப்பைச் சொல்லி இரண்டு நாள் பிள்ளைகளை வெளியே அனுப்புவார். கண்ணால் பார்த்த ஒன்று, ஒருவர் வாயால் கேட்ட ஒன்று, தன் கட்சிக்கே எதிராக இருக்கும் ஒன்று, இந்த மூன்றோடும் வந்தால்தான் மேடை. மோட்டார் பஸ் நன்மையா என்ற விவாதத்துக்கு ஒரு பையன் வாடிப்பட்டி வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டான். “பஸ்ஸு வந்து என் மாட்டைப் பட்டினி போட்டுருச்சு மாப்ள. ஆனா என் மகளைப் பிரசவத்துக்குத் தூக்கிட்டுப் போனதும் அந்தப் பஸ்ஸுதேன்” என்று அவர் சொன்னதை அவன் அப்படியே சொன்னபோது, என் அரக்கர்கள் எல்லாம் அட்டைப் பொம்மைகள் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்ததும் பொறாமைதான் வளர்ந்தது.

ரேஷன் நன்மையா தீமையா என்று ஒரு விவாதம் வந்தது. கோச்சடையிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நன்மைக் கட்சி. மேடையில் அவள் சொன்னாள்: “முன்னாடி இருக்கப்பட்டவுக மூட்டை மூட்டையாப் பதுக்குனாக. இப்ப எல்லார் வீட்டுலயும் உலை கொதிக்குது. ரேஷன் நல்லதுதேன். ஆனா எங்க தெருக் கடைப் படிக்கு அடித்தகடு மேல ஏறியிருக்கு. வீட்டுப் படியில கொட்டிப் பாத்தா ரெண்டு கை அரிசி குறையுது.”

முன்வரிசையில் பள்ளி மானேஜர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடை அவருடைய மைத்துனருடையது.

கூட்டம் முடிந்ததும் என்னை அறைக்குள் கூப்பிட்டார். “வாத்தியாரே, அம்புட்டும் அந்தப் புள்ளைக்குத் தானா வந்துச்சா? டீச்சரம்மா சொல்லிக்குடுத்ததுதானே?”

எனக்கு உண்மை தெரியும். முந்தின நாள் அந்தப் பெண் படியைப் பற்றிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். “நீயே அளந்தியா? இன்னொரு தடவை அளந்துட்டு வா. தப்பாச் சொன்னா கடைக்காரருக்கு அநியாயம்” என்று டீச்சர் அவளைத் திருப்பி அனுப்பியதை என் காதால் கேட்டேன். வில்லாபுரத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்த டீச்சரின் தகப்பனாருக்கு அவர் சம்பளம்தான் சோறு என்பதும் தெரியும்.

“அவுகதான் சொல்லிக்குடுத்தாக” என்றேன்.

பாடம் கற்பிப்பதற்கும் அதே சொல், பொய் சொல்லத் தூண்டிவிடுவதற்கும் அதே சொல். மானேஜர் எதை எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தேதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மானேஜர் என் எதிரிலேயே டீச்சரைக் கூப்பிட்டு அதையே கேட்டார். இல்லை என்றிருந்தால் பழி அந்தப் பெண்மேல் விழுந்து, பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்திருப்பார்கள். டீச்சர் ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு, “ஆமாங்க. நான்தான் சொல்லிக்குடுத்தேன்” என்றார். நான் மறைத்துப் பேசிய சொல்லை அவர் தலை நிமிர்ந்து பேசினார். அந்த மாதத்தோடு அவர் வேலை போயிற்று. வாசலில் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை இல்லை. “ஐயா, அந்தப் புள்ள பேசுறத மட்டும் நிப்பாட்டிராம பாத்துக்கங்க” என்றார்.

எண்பதைத் தாண்டிவிட்டேன். இன்று யார் எங்கே மேடையேறிப் பேசினாலும், இவர் இதை எந்தத் தெருவில் பார்த்தார் என்றுதான் மனம் கேட்கிறது. அந்தக் கேள்வியை எனக்குத் தந்தவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டீச்சர் போன பிறகு பட்டிமன்றம் மறுபடி என் கைக்கு வந்தது. முதல் வேலையாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி, “நான் வரலய்யா. நான் பேசுனா இன்னொரு டீச்சரு போயிருவாக” என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. பட்டியலில் வேறொரு பெயரை எழுதிக்கொண்டேன்.