மூடியில் துளையிட்ட டப்பா

என் காரேஜ் அலமாரியின் இரண்டாவது தட்டில் ஒரு காபிப் பொடி டப்பா இருக்கிறது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த தகர டப்பா. இப்போது அடிப்பக்கம் துருவேறி, ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. அதன் பிளாஸ்டிக் மூடியில் ஆணியால் குத்திய பதினேழு துளைகள் உள்ளன. அவை வரிசையாக இல்லை. கை போன இடத்திலெல்லாம் குத்தியிருக்கிறது. குத்தியவர் என் அண்ணன். அவர் எதையும் அளந்து செய்தவரில்லை. அவர் இறந்த வருடம் அவருடைய காரேஜை ஒழுங்குபடுத்தியபோது இந்த டப்பாவை எடுத்து வந்தேன். நல்ல கனமான தகரம் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. ஆணிகளைப் போட்டு வைத்தேன். மூடியில் ஏன் துளைகள் என்று ஒரு வருடத்துக்கு மேல் நான் யோசிக்கவே இல்லை.

அண்ணன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் மாரடைப்பில் போனார். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் வீட்டிலிருந்து காரில் பன்னிரண்டு நிமிடத் தொலைவில் அவர் வீடு. அண்ணனும் அண்ணியும் இருபத்தோரு வருடம் வாழ்ந்த வீடு. அவர்களுக்கு ஒரே மகள். அவள் கணவனோடும் பெண் குழந்தையோடும் டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் சமையலறை மேசையில் அவள்தான் பேச்சை எடுத்தாள். "அம்மா, விண்டர்ல தனியா எப்படி மேனேஜ் பண்ணுவீங்க? ஸ்னோ வந்தா யாரு கிளியர் பண்றது? எங்ககூட வந்துடுங்க. அங்க இந்த ஹெட்ஏக்கே கிடையாது." அண்ணி சிங்கில் டம்ளரைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு இந்த வூடு பழகிப்போச்சு கண்ணு. ஒரு குளிர்காலம் இருந்து பாக்கறேன். முடியலீன்னா நானே வந்தர்றேன்." மகள் என்னைப் பார்த்தாள். வீட்டையும் தோட்டத்தையும் குளிருக்குத் தயார் செய்வது என் பொறுப்பு, ஒரு குறையும் வராது என்று நான் வாக்குக் கொடுத்தேன். "ஒன் விண்டர்தான் சித்தப்பா. ஏதாவது ஆச்சுன்னா ஸ்ப்ரிங்ல வீட்டை சேலுக்குப் போட்டுடுவேன்" என்றாள். அண்ணி கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

நான் ஒரு மருந்துக் கம்பெனியில் தர ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எழுதி வைக்காத வேலை செய்யாத வேலை என்பது எங்கள் அலுவலக விதி. இருபத்தெட்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுபவனுக்கு அந்த விதி வீட்டிலும் தொற்றிக்கொண்டது. அந்த அக்டோபரின் முதல் சனிக்கிழமை காலை எட்டரைக்கு, இருபத்து மூன்று வேலைகள் எழுதிய தாளோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூரை ஓரத்து வாய்க்காலில் அடைத்திருந்த ஓக் இலைகளை அள்ளினேன். தோட்டத்து ரப்பர் குழாயைக் கழற்றி, நீரை வடித்து, சுருட்டி வைத்தேன். அடித்தளத்தில் வெளிக்குழாய்க்கான வால்வை மூடினேன். ஹீட்டரின் வடிகட்டியை மாற்றினேன். பின்புறத்து நாற்காலிகளைக் கொட்டகைக்குள் அடுக்கினேன். கறிவேப்பிலைத் தொட்டிகள் மூன்றையும் பூச்சி பார்த்து, தென்பக்கத்து ஜன்னலருகே உள்ளே கொண்டுவந்தேன். அண்ணி தேநீரோடு வந்து ஏணியின் கீழ் நின்றார். "உங்கண்ணனா இருந்தா இந்நேரம் ஏணிய மட்டும் சாத்தி வெச்சுப்போட்டு மேட்ச் பாக்கப் போயிருப்பாருங்" என்றார். பிறகு நான் இலைகளைப் பைகளில் கட்டுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி எலயக்கூட எண்ணித்தான் பையில போடுவீங்களாட்ட இருக்குது" என்றார். அண்ணன் போன பிறகு அவர் முகத்தில் அன்றுதான் லேசாகச் சிரிப்பைப் பார்த்தேன். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

மறுவாரம் காரேஜ். அண்ணன் விட்டுப்போன காரேஜில் எதற்கும் ஓர் இடம் என்பது கிடையாது. பழைய பெயிண்ட் டப்பாக்கள், ஒற்றைக் கையுறைகள், மகளின் சின்ன வயது சைக்கிள். கதவோரம் பாதி காலியான மணல் மூட்டை ஒன்று வாய் திறந்து கிடந்தது. அதன் மேல் இந்த டப்பா. மகள் சிறு வயதில் விளையாடிய மணலின் மிச்சம் என்று எண்ணினேன். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மூட்டை அத்தனை பழையதாக இல்லை என்பது கண்ணில் பட்டிருக்க வேண்டும். என் பட்டியலில் மணல் என்று எதுவும் இல்லை. அதனால் மூட்டையை இழுத்துப்போய் வேலியோரம் கொட்டிப் பரப்பிவிட்டேன். அந்த இடத்தைப் பெருக்கி, பனி வாரும் மண்வெட்டியைச் சாய்த்து, அதனருகே ஐம்பது பவுண்டு உப்பு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். பனி விழுந்தால் படியில் தூவுகிற உப்பு. அண்ணி வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் தம்பி, இதுவும் உப்புதானுங்களா?"

நான் உற்சாகமாக விளக்கினேன். சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் உப்பு, சுத்தம் மட்டும் செய்வதில்லை, மற்றபடி சமையலறையில் இருப்பதும் இதுவும் ஒன்றுதான் என்றேன். எத்தனை டிகிரி வரை வேலை செய்யும் என்றும் சொன்னேன். வாசற்படியிலும் நடைபாதையிலும் முந்தின நாளே தூவிவிட வேண்டும் என்றேன். கதவுக்கு நேர் முன்னால் நன்றாகப் போடுங்கள், அங்கேதான் வழுக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செரிங் தம்பி" என்றார்.

இங்கே பழைய காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் இருந்த காலத்தில் பனிக்காலங்களில் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசற்படியில் பழுப்பாக மண் கிடக்கும். காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். பெருக்காத சோம்பல் என்றே நான் நினைத்திருந்தேன். கதவுக்கு முன்னால் மட்டும் ஒரு சதுரம் சுத்தமாக இருக்கும். அதில் வெள்ளிக்கிழமைகளில் அண்ணி போட்ட சிறிய புள்ளிக் கோலம் இருக்கும். "பெருக்கினதுதான் பெருக்கினீங்க, மீதியையும் பெருக்கக் கூடாதா? அரைகுறை வேலை" என்று ஒருமுறை அண்ணனிடம் சொன்னேன். அவர் சோபாவிலிருந்து எழாமல், "அது அப்படித்தான்டா. உனக்கெதுக்கு?" என்று சிரித்தார். உள்ளே அண்ணியும் சிரித்தது கேட்டது. அவர்கள் இருவருக்குள் இருந்த ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அந்த ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை மழை பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்தது. நான் அண்ணியைக் கூப்பிட்டு உப்புப் போட்டாயிற்றா என்று கேட்டேன். "பாத்துக்கறேனுங் தம்பி" என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழேகாலுக்கு ஈரத்துணியும் கோலப்பொடிக் கிண்ணமுமாக வாசற்கதவைத் திறந்து காலை வெளியே வைத்தவர், மூன்று படிகளையும் தாண்டிக் கீழே விழுந்தார். நாயோடு நடந்துபோன பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். வலது இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து அவருடைய துணிகளையும் கண்ணாடியையும் எடுக்க வீட்டுக்குப் போனேன். படியில் கண்ணாடி போல ஐஸ். அதன் மேல் சிந்திய கோலப்பொடி. காரேஜில் நான் வைத்த இடத்திலேயே உப்பு மூட்டை இருந்தது. வாய்த்தையல் நூல்கூடப் பிரியவில்லை.

அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: 'உப்பு மூட்டை பிரிக்கப்படவில்லை. மூன்று முறை சொல்லியும் மறந்திருக்கிறார்.' இதை எழுதியதோடு நான் நிறுத்தவில்லை. மாலையில் டெக்சாஸிலிருந்து பறந்து வந்த மகளிடம் இதையே சொன்னேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன். காரேஜுக்குக் கூட்டிப்போய் மூட்டையைக் காட்டவும் செய்தேன். அவள் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "ஸோ அம்மாக்கு ஞாபகமே இருக்கிறதில்ல. தட்ஸ் இட் சித்தப்பா. இனிமே தனியா விட முடியாது" என்றாள். மறுநாள் அண்ணியின் கட்டிலருகே அவள் இதைச் சொன்னபோது நானும் இருந்தேன். "உப்பு மூட்டை பக்கத்துலயே இருந்திருக்கு. ஓப்பன்கூடப் பண்ணலையேம்மா. மறந்துட்டீங்களா?" அண்ணி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஆமா கண்ணு, மறந்துபோச்சு" என்றார். ஏப்ரலில் வீடு விற்பனைக்கு வந்தது. கறிவேப்பிலைத் தொட்டிகள் மூன்றும் என் வீட்டுக்கு வந்தன.

அந்த வருடம் நவம்பரில் ஃபிரிஸ்கோ போனேன். ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. நிழல் தரும் அளவுக்கு ஒரு மரமும் இன்னும் வளரவில்லை. வாசலில் அண்ணியின் பேத்தி ஒட்டிய ஸ்டிக்கர் கோலம் வெயிலில் ஓரம் சுருண்டிருந்தது. அண்ணி வாக்கர் பிடித்து மெதுவாக நடந்து பின்பக்கத்துக்கு வந்து என்னோடு உட்கார்ந்தார். அரைக்கைச் சட்டை போடும் வெயில். "அங்க எல வாரியாச்சுங்களா? கொழாய மூடியாச்சுங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் பட்டியல் முழுவதும் அவருக்கு ஞாபகம் இருந்தது, வரிசைகூட மாறவில்லை. எனக்குள் ஏதோ இடித்தது. பிறகு அவர் கேட்டார்: "அந்த மணல் டப்பா என்னாச்சுங் தம்பி? மூடியில ஓட்ட போட்டது. உங்கண்ணன் செஞ்சது."

என்னிடம் இருக்கிறது, ஆணி போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். ஓட்டை எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன்.

"நாந்தான் படியில உப்புப் போட வேண்டாமுன்னேன். அந்த வூட்டுக்கு வந்த மொத வருசம் அவரு உப்ப எறைச்சுப்போட்டு வாரேன்னாரு. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசல்ல உப்ப எறைச்சு மிதிச்சுட்டுப் போறதாங்க? எனக்கு அழுவாச்சியே வந்திருச்சு. கேலி பண்ணுவாருன்னு நெனச்சேன். அவரு ஒண்ணுஞ் சொல்லாம கடைக்குப் போயி மணல் வாங்கிட்டு வந்தாருங். அந்த டப்பாவுல ஓட்ட போட்டு, கோலம் போடற எடத்த மட்டும் உட்டுப்போட்டு, சுத்தியும் தூவி உட்ருவாரு. அதுக்குப் பக்கத்துல எனக்குக் கம்பளி விரிச்சுக் குடுப்பாரு, வழுக்காம நிக்க. இருவது வருசமும் அப்படித்தானுங்."

எங்கள் வீடுகளில் உப்பு மகாலட்சுமி. காலில் படக் கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்குக் குடிபோன அன்று அண்ணி முதலில் உள்ளே எடுத்துப்போனது ஒரு கிண்ணம் நிறைய உப்பு. காரின் பின் இருக்கையிலிருந்து அதை எடுத்து அவர் கையில் கொடுத்தவன் நான். அன்றைய நாட்குறிப்பில் அதுவும் இருக்கிறது, நேரத்தோடு.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"நீங்க அத்தன ஒழுங்கா எழுதி வெச்சுச் செய்யறீங்க. அதுக்குள்ள போயி நான் என்னத்தச் சொல்றதுங். மணலாச்சும் இருக்குமுன்னு மழ பேஞ்ச அன்னிக்குச் சாயந்தரம் காரேஜுல தேடுனேன். இல்லீங்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறையே இல்லை. கடையில் ஒரு சாமான் தீர்ந்துபோயிருந்ததைச் சொல்வது போலச் சொன்னார். மகளிடம் மறந்துவிட்டேன் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் வாக்கரின் கைப்பிடியை முந்தானையால் துடைத்தார். "நீங்க அங்க நின்னுட்டு இருந்தீங்க" என்றார். இப்போதாவது அவளிடம் நான் சொல்கிறேன் என்றேன். "வூட்ட வித்தாச்சுங். இனி சொல்லி என்ன ஆவப்போவுது. காபி குடிங் தம்பி, ஆறுது."

அவர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். மூன்று வருடம். கடந்த மார்ச்சில் அண்ணி தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடிந்து ஃபிரிஸ்கோவிலிருந்து கிளம்பும் முன், காரில் சாமான்களை வைத்துக்கொண்டே அண்ணன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணலை நான் கொட்டியது, மூட்டையைக் காட்டியது, அம்மாவுக்கு எதுவும் மறக்கவில்லை என்பது. அவள் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் காரில் வைத்தாள். "இட்ஸ் ஓகே சித்தப்பா. எப்படியும் அம்மா ஒருநாள் இங்க வந்துதான் ஆகணும்" என்றாள். பிறகு, "பட் ஷீ வாண்டட் டு ஸ்டே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சொன்ன இரண்டும் உண்மையாக இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த வருடமும் அக்டோபர் முதல் சனிக்கிழமை என் வீட்டு வேலைகளைத் தொடங்கி, நான்கு வாரத்தில் முடித்தேன். கறிவேப்பிலைத் தொட்டிகளை ஜன்னலருகே வைத்தேன். கடையில் உப்பு மூட்டைகளின் அடுக்கைத் தாண்டிப் போய் ஒரு மூட்டை மணல் வாங்கினேன். அண்ணனின் டப்பாவிலிருந்து ஆணிகளைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்துத் தட்டியபோது, அடி விளிம்பின் மடிப்பிலிருந்து கொஞ்சம் பழைய மணல் உதிர்ந்தது. இத்தனை வருடமும் ஆணிகளுக்குக் கீழே இருந்திருக்கிறது. அதை ஒரு தாளில் சேர்த்து மறுபடியும் டப்பாவிலேயே போட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் படியில் மெல்லிய ஐஸ். டப்பாவைக் கவிழ்த்து ஆட்டினேன். துளைகள் வரிசையாக இருந்திருந்தால் மணல் கோடு கோடாக விழுந்திருக்கும். கை போன போக்கில் குத்தியிருப்பதால் எல்லா இடத்திலும் பரவி விழுகிறது. அண்ணன் யோசித்துத்தான் அப்படிக் குத்தினாரா என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. என் வீட்டு வாசலில் கோலம் போடுகிறவர் யாரும் இல்லை. இருந்தும் கதவுக்கு முன்னால் ஒரு சிறிய கோலத்துக்கான இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் தூவினேன். எவ்வளவு இடம் என்று அளந்து பார்க்கவில்லை.