வாப்பாவின் மூக்கும் மூன்று டப்பாக்களும்

இன்று தாராவியில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தோல் வாசனை முகத்தில் அடித்தது. நான் ஏழாம் வகுப்புப் படித்த கொரோனா காலம் நினைவுக்கு வந்தது.

தோல்பைப் பட்டறை வைத்திருந்த வாப்பாவுக்குக் காய்ச்சல் போன பிறகும் வாசனை தெரியவில்லை. "மோந்து பாத்துத்தான் தோல் எடுப்பேன். இனி என்ன செய்ய?" என்று கலங்கினார்.

நான் தினமும் அவர் கண்ணைக் கட்டி மூன்று டப்பாக்களை நீட்டினேன். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் தோல்துண்டு, ஒன்று காலி. ஒருநாள் என்னைச் சந்தோஷப்படுத்த, காலி டப்பாவைக் கிராம்பு என்றார்.

"ஊகமெல்லாம் செல்லாது, வாப்பா!" என்றேன்.

மூன்றாவது வாரம் ஒரு டப்பாவை முகர்ந்தவர் அதை மறுபடியும் மூக்கருகே இழுத்தார். "தோலு, மவளே! இன்னும் சரியா காயல."

இடம் மாற்றி ஐந்து முறை நீட்டினேன். ஐந்தும் சரி. என் கத்தலில் உம்மா ஓடிவந்தார்.

"அடுப்பப் பாரு, சோறு அடிபிடிக்குது!" என்றார் வாப்பா, கண்கட்டோடு.

அடிபிடித்துத்தான் இருந்தது. அந்தச் சோற்றை அன்று விருந்தாகச் சாப்பிட்டோம்.