எர்த் கம்பிக்கு ஊற்றிய கடல் தண்ணீர்

மின் ஆய்வாளர் தபேரா வருகிறாள் என்றால் தராவாத் தீவில் யாரும் அன்றைக்கு மீன் வாங்கி ஃப்ரீசரில் வைக்க மாட்டார்கள். எந்த வீட்டு மின்சாரத்தை வெட்டுவாளோ, யார் கண்டது.

தீவின் மின் விதியை எழுதிய குழுவில் இரண்டு வருடம் மல்லுக்கு நின்றவள் அவள். ஆஸ்திரேலியாக்காரர்களின் விதி களிமண்ணுக்குச் சரி. இந்தப் பவளமணலில் எர்த் கம்பியை எவ்வளவு ஆழம் இறக்கினாலும் கசிகிற மின்சாரம் மண்ணுக்குள் போகாமல் முரண்டு பிடிக்கும். கசிந்தால் தானே அணையும் ட்ரிப்பரைக் கட்டாயமாக்கலாம் என்றார்கள் சிலர். உப்புக்காற்றில் அது ஓயாமல் விழுந்து மின்சாரம் நிற்கும், ஜனங்கள் எரிச்சலில் கழற்றி எறிவார்கள் என்று தபேரா மேசையைத் தட்டினாள். எர்த் கம்பியை மீட்டர் வைத்துச் சோதிப்பது, தேறாத வீட்டுக்கு மின்சாரம் கிடையாது. அவள் சொன்னதே விதியானது. அவளுடைய தெமாய்க்கு கிராமத்தில் ஒரு வீடு விடாமல் தேறியது. அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை, அண்ணன் கௌரோ வீட்டுக் கிணற்று மோட்டாரில் கட்டியிருந்த பன்றி செத்துக் கிடந்தது. தபேரா மெயினை அணைத்துவிட்டு எர்த் கம்பியில் மீட்டரை வைத்தாள். கம்பி இருந்தும் இல்லாத கதிதான். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள்.

"போன மாசம் நானே பாத்தேன் அண்ணி. நல்லாத்தான இருந்துச்சு."

அண்ணி அரோய்தா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்குக் கம்பி அடியில கடல் தண்ணிய வாளி வாளியா ஊத்தி வச்சிருந்தோம்ல, மணல் உப்பு ஈரமா இருக்கிற வரைக்கும் உன் மீட்டர் நல்லாக் காட்டும்னு. இன்னிக்கு நீ வருவேன்னு யாருக்குத் தெரியும்?"

"ஊத்தினீங்களா?"

"ஊரே ஊத்துச்சு. உங்கண்ணன்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னாரு. நம்ம தபேரா போட்ட சட்டம் நம்ம ஊர்லயே தோத்துப்போனா அவ மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்னு."

திருட்டுத்தனம் என்றால் திட்டித் தீர்க்கலாம். பாசத்தை என்ன விதி போட்டுத் தடுப்பது?

"என் வீட்டுக்கு?"

"உன் வீட்டுக்கு இல்லாமயா? ஆபீஸ்லேர்ந்து சோதிக்க ஆள் வர்றதுக்குள்ள உங்கண்ணன் ஓடிப்போய் ஊத்திட்டு வந்துட்டாரே."

சனிக்கிழமை மகள் தராபு துணி துவைக்கிற நாள். தபேரா மீட்டரைப் போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு வழியிலேயே கழன்றது. நேராகப் போய்த் தன் வீட்டு மெயின் சுவிட்சை இழுத்தாள்.

கொல்லையில் தண்ணீர் தேங்கிய மணலில் வெறுங்காலோடு நின்ற தராபு, வாஷிங் மெஷினின் தகரத்தில் வைத்த கையை எடுக்காமலே முறைத்தாள்.

"ஏம்மா அணைச்சே? துணி பாதில நிக்குது. இது வேற காலைலேர்ந்து தொட்டா சுள்ளு சுள்ளுங்குது."

தபேரா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.