தென்னம்பாளை லேகியம்

நாற்பத்து மூன்றாவது வயதில் எனக்கு மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீள ஆரம்பித்தது. வலங்கைமான் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். கரும்பலகை முன்னால் நின்றால் இடுப்பு கழன்றுவிடும்போல இருக்கும். உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தவர் வேதாரண்யத்தில் இருக்கும் என் நாத்தனார், என் கணவரின் அக்கா; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க? உதிரப்போக்கா?"

"ஆறு மாசமா, அண்ணி."

அடுத்த வாரமே பஸ் ஏறி வந்துவிட்டார். பையில் வெடிக்காத தென்னம்பாளை இரண்டு, ஈரத்துணி சுற்றி. புயலில் சாய்ந்தது போக அவர் தோப்பில் மிஞ்சியவை ஏழே மரங்கள். ஒரு பாளையை வெட்டினால் ஒரு குலை காய் போய்விடும்.

"மரம் இன்னொரு பாளை விடும். நீ அத யோசிக்காத" என்றார்.

அரிவாளால் மட்டையைப் பிளந்தார். உள்ளே நெல்மணி போல வெளிர்மஞ்சள் பூக்கள். உதிர்த்து மிக்ஸியில் அரைத்து, தேங்காய்ப்பால், பனைவெல்லம், சுக்கு, சீரகம் சேர்த்து மாறி மாறிக் கிளறினோம். கையில் ஒட்டாமல் திரண்டதும் நெய் விட்டு இறக்கினார். இனிப்புக்கு அடியில் ஒரு துவர்ப்பு இருந்தது. அதுதான் ரத்தத்தைக் கட்டும் என்றார். அவருடைய மூன்று பிரசவத்துக்கும் இதுதான் மருந்தாம்.

நெல்லிக்காய் அளவு, இரண்டு வேளை சாப்பிட்டேன். மூன்று வாரத்தில் இடுப்புவலி குறைந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை. அவர் மனம் நோகுமே என்று போனில் "தேவலை" என்றே சொல்லிவந்தேன். ஒரு நாள் பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தேன்.

சேதி கேட்டு அண்ணிதான் ஓடிவந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. டாக்டர் வேறு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது நான் தயங்கினேன். அண்ணியே லேகியத்தில் என்னென்ன போட்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"சாப்பிட்டதுல தப்பில்லம்மா. ஆனா இந்தக் கட்டி அதுக்குக் கரையாது" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அண்ணி பொரிந்து தள்ளினார். "மருந்து கேக்கலன்னா கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே? உங்கிட்ட நான் என்ன சத்தியமா வாங்கினேன்?"

நான் அழுதேன். அவரும் அழுதார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணி பத்து நாள் கூட இருந்து ரசம் வைத்துக் கொடுத்தார், தலை பின்னிவிட்டார். லேகியப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. தையல் ஆறியதும் நானே டாக்டரிடம் கேட்டேன். இடுப்புவலிக்கு லேகியம் சாப்பிடலாம் என்றார். அன்று சாயங்காலமே அண்ணிக்குப் போன் செய்து பாளை கேட்டேன்.