அப்பா நட்ட கோல்ஃப் புல்

ஈரமண்ணும் மணலும் பச்சைப் புல்லும் கலந்த வாசம் சாக்குப்பையிலிருந்து வீசினால் மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வந்துவிட்டது என்று பொருள். வீட்டு முன்னால் இனி விளையாட முடியாது என்றும் பொருள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரங்களைச் சாய்த்து உண்டாக்கிய கோல்ஃப் திடலில் அப்பாவுக்குப் புல் பராமரிக்கும் வேலை. வருடத்துக்கு ஒருமுறை, அந்த விடுமுறையில்தான், பந்தைக் குழியில் தள்ளும் பசும்பரப்புகளில் இயந்திரத்தை ஓட்டி விரல் பருமனுக்கு ஆயிரக்கணக்கான ஓட்டைகள் போட்டு மணலை நிரப்புவார்கள். வேர் மூச்சுவிட வேண்டுமாம். ஓட்டையிலிருந்து வேரும் புல்லுமாக வந்து விழும் உருளை மண்ணுக்கு வேலையாட்கள் வைத்த பெயர் "புட்டு". மற்றவர்கள் அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டினார்கள். அப்பா மட்டும் மோட்டார் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கம்பெனி கொடுத்த வீட்டின் முன்னால் அதை ஒவ்வொன்றாக நட்டு, மணல் தூவி, "மூணு வாரத்துக்கு யாரும் கால் வைக்கக் கூடாது" என்பார். மூன்று வாரம் போய் மூன்று மாதமானாலும் கால் வைக்க விட்டதில்லை. எங்களுக்கென்று ஒரு வாசல் இருந்தும் தெருவில் நின்று பந்தடித்த பிள்ளைகள் அந்த வரிசையில் நாங்கள் மட்டும்தான்.

ஒரு வருடம் அதே விடுமுறையில் செல்வி அக்காவுக்கு நிச்சயம் வைத்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன்கள் பேசி முறிந்திருந்ததால் இதுவாவது கூட வேண்டும் என்று அம்மா சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். பந்தல்காரர் வந்தபோது வாசலில் ஆணி அடிக்கக் கூடாது என்று அப்பா மறித்துவிட்டார். "அங்க ஆயிரம் ஓட்ட போடுற மனுசன், இங்க எட்டு ஆணிக்கு அழுவுறாரே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பந்தல் தெருவோரத்துக்குப் போனது. அதோடு விட்டாரா? பழுதுபார்க்கும் இடத்தைச் சுற்றித் திடலில் கட்டும் நீலக் கயிற்றைக் கொண்டுவந்து புல்லைச் சுற்றிக் கட்டினார்.

சுங்காய் என்ற ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர், தட்டுகளோடு, நாங்கள் "லோங்காங்" என்று சொல்லும் சாக்கடையின் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்து வீட்டுக்குள் வர வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் அத்தை கால் வழுக்கிச் சேலைத் தட்டோடு சாக்கடைக்குள் விழுந்தார். தூக்கிவிட ஓடியவர்களைப் பார்த்து அப்பா கத்தினார்: "அந்தப் பக்கமா தூக்குங்க, புல்லு!" எனக்கு அவரை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"என்னா லா இது? புல்லுக்கு இருக்குற மரியாத எங்களுக்கு இல்லையா? திரும்புங்க, போலாம்" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள். யாரையும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்துப் போட்டாள். நடுப்புல்லில் நடந்து போய் அத்தையின் சேற்றுக் கையைப் பிடித்து, "இப்படியே வாங்க அத்தை" என்று கூட்டி வந்தாள். பின்னால் முப்பது பேரும் மிதித்துக்கொண்டு வந்தார்கள். நிச்சயம் நடந்தது. அப்பா அக்காவைப் பார்க்கவில்லை, புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் வரைக்கும் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவுமில்லை. புல்லோ அடுத்த மழைக்கே நிமிர்ந்துவிட்டது.

சில வருடங்களில் கம்பெனி நிலத்தை விற்றது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. சாமான் ஏற்ற லோரி வந்த காலையில் அப்பா கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவரே வாசலில் நின்று, "கோஸ்தான், கோஸ்தான், இன்னும் வா" என்று கையசைத்து லோரியைப் புல்லின்மேல் பின்னால் வரவிட்டார்.

இப்போது அங்கே திடலும் இல்லை, எங்கள் வரிசை வீடுகளும் இல்லை. மாடி வீடுகள் வந்துவிட்டன. அப்பா என்னோடு ஈப்போவில் நான்காவது மாடியில் இருக்கிறார். என் பிள்ளைகள் கழற்றாத சப்பாத்துக் காலோடு அவர் படுக்கையின்மேல் ஏறி ஓடுகிறார்கள். அவர் காலை மடக்கிக்கொண்டு வழிவிடுகிறார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு தடவையாவது கத்தித் தொலையுங்களேன், அப்பா!